பட்டனில் சுற்றிய டேப்

கேள்வி: தகடு வெட்டி வளைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடமாகப் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் ஸ்ட்ரோக், அதாவது மெஷினின் ஒரு அடி, இறங்க வேண்டும். ஆனால் எங்கள் வரிசையில் நான்கு மெஷினில் ஒரு பட்டனை அமுக்கியபடியே டேப் சுற்றி வைத்திருக்கிறது. தகட்டை வைத்து அடிக்கும் அச்சான டைக்கு முன்னால் இருந்த தடுப்பையும் கழற்றி மூலையில் போட்டாகிவிட்டது. போன மாதம் பக்கத்து மெஷின் நண்பருக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது. ‘என் கவனக்குறைவால் நடந்தது’ என்று எழுதிய தாளில் ஆஸ்பத்திரியிலேயே அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னேன், ‘பார்த்துச் செய்’ என்றார். மேனேஜரிடம் சொன்னேன், ‘பயமா இருந்தா வேற எடம் பாத்துக்கோ’ என்றார். வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். புகார் கொடுத்தால் வேலை போகும், கொடுக்காவிட்டால் விரல் போகும் போலிருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையிலேயே இருப்பவன் நான். நீங்கள் எழுதியிருக்கும் அந்த டேப்பை வேறு வேறு நிறத்தில், வேறு வேறு மெஷினில் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் நாளைக் காலை ஷிஃப்ட்டுக்கு உரியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த டேப் இருக்கிறவரை டைக்குள் கையை விடாதீர்கள். எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வேண்டாம்.

‘பார்த்துச் செய்’ என்று சூப்பர்வைசர் சொன்னாரே, அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ்ஸில் ராம், அதாவது தகட்டை அடிக்கும் மேல்பகுதி, மேலிருந்து கீழே வர அரை விநாடி ஆகும். மனிதக் கை விநாடிக்கு சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்துக்கொண்டுதான் மெஷின் பாதுகாப்புக்கான தூரங்களைக் கணக்கிடுகிறார்கள். அதாவது ராம் இறங்கும் அந்த அரை விநாடியில் உங்கள் கை 80 சென்டிமீட்டர் போய்விடும். ஜாப், அதாவது டையில் வைத்த தகடு, கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது என்று கண்ணில் படுகிறது, மூளை யோசிக்கும் முன்பே கை அதை நேராக்கப் போகிறது. கவனம் இல்லாததால் அது நடப்பதில்லை. வேலையில் பழகிய கை அப்படித்தான் போகும், அதனால்தான் நன்றாக வேலை தெரிந்தவர்களின் விரல்களும் போகின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆறு விநாடிக்கு ஒரு ஜாப் என்றால் ஏழரை மணி நேரத்தில் 4,500 முறை உங்கள் கை டைக்குள் போய் வருகிறது. 4,499 முறை சரியாகச் செய்துவிட்டு ஒரே ஒரு முறை பிசகினால் அதை ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிறார்கள். மனிதன் சில சமயம் பிசகுவான் என்பது தெரிந்துதான் இரண்டு பட்டன் வைத்தார்கள்.

அந்தப் பட்டனைப் பற்றி ஒரு விஷயம், இது உங்களுக்குப் பின்னால் உதவும். ஒழுங்காக அமைத்த இரண்டு கை கன்ட்ரோலில் ஒரு பட்டனை அமுக்கிக் கட்டிவிட்டால் மெஷின் ஓடவே ஓடாது. இரண்டையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்குப் பிறகும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். டேப் சுற்றிய பிறகும் உங்கள் மெஷின் ஓடுகிறது என்றால் ஒன்று, கன்ட்ரோல் அந்தக் காலத்து அமைப்பு. இல்லையென்றால் யாரோ வயரிங்கிலேயே கை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் டேப்பைப் பிய்த்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீராது. மெயின்டனன்ஸில் நம்பிக்கையான ஃபிட்டர் யாராவது இருந்தால் இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, நாளை அந்த மெஷினில் போய் நிற்கச் சொன்னால் என்ன சொல்வது? ‘வேலை செய்யமாட்டேன்’ என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கீழ்ப்படியாதவராக ஆக்கிவிடுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், நான் வேலைக்கு வந்துட்டேன், இங்கதான் இருக்கேன். மூணாம் நம்பர் மெஷின்ல ஒரு பட்டன் கட்டியிருக்கு, முன்னால தடுப்பு இல்ல. போன மாசம் இதே வரிசையில விரல் போயிருக்கு. அதைச் சரி பண்ணிக் கொடுங்க, ஓட்டுறேன். அதுவரைக்கும் வேற வேலை கொடுங்க, செய்யறேன்.” குரலை உயர்த்த வேண்டாம். பக்கத்தில் ஒருவராவது இருக்கும்போது சொல்லுங்கள். வளாகத்தை விட்டு வெளியே போகாதீர்கள். வீட்டுக்குப் போய்விட்டால் ‘வேலைக்கே வரவில்லை’ என்று கதை மாறிவிடும்.

இப்படிச் சொல்வதற்கு உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 155, இதைப் பற்றித்தான் பேசுகிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் உள்ள தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகினால் அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அவர் அந்த ஆபத்தை மேலதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும்; அது சரிசெய்யப்படும்வரை அவரை அங்கே திரும்பப் போகச் சொல்லக் கூடாது. 2022 ஜூனில் இந்த உடன்படிக்கையை அந்த அமைப்பு அடிப்படை உடன்படிக்கைகளின் பட்டியலில் சேர்த்தது. இதை ஏற்காத உறுப்பு நாடுகளும் இதன் கொள்கையை மதிக்க வேண்டிய கடமை அதனால் வந்தது. நடைமுறையில் உங்களைக் காப்பது உங்கள் நாட்டுச் சட்டம்தான், அது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே தொழிலாளர் துறை அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ ‘உடனடி ஆபத்து இருந்தால் வேலையிலிருந்து விலக எனக்குச் சட்டத்தில் என்ன உரிமை, அதை எந்த முறையில் தெரிவிக்க வேண்டும்?’ என்று இதே வார்த்தைகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த உரிமை ‘இப்போதே கை போகும்’ என்ற வகை ஆபத்துக்குத்தான் உறுதியாக நிற்கும். காதைக் கெடுக்கும் சத்தம், நாள்பட நுரையீரலைக் கெடுக்கும் தூசி போன்றவற்றுக்குப் புகார் வழிதான். உங்களுடையது முதல் வகை, சந்தேகமே வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் சூப்பர்வைசரிடமும் மேனேஜரிடமும் சொன்னீர்கள், ஆனால் வாயால் சொன்னீர்கள். எழுதிக் கொடுக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராக இருந்தேன். பெரிய கலவை மெஷின் ஒன்று. மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும்படி ஒரு லிமிட் சுவிட்ச் இருந்தது. அந்தச் சுவிட்சின் நெம்பைக் கட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கம்பியின் முனையை மடித்து, கையில் குத்தாமல் இருக்க அதன் மேல் துணி சுற்றியிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பிளான்ட் மேனேஜரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையை ஆட்டினார். நான்காவது மாதம் ஓர் உதவியாளரின் முன்னங்கை உள்ளே போனது. விசாரணையில் மேனேஜர் சொன்னது ஒரே வரி: “இப்படிக் கட்டியிருந்தது யாரும் என் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை.” நான் அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். சொன்னேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அன்று முதல் எதையும் எழுதாமல் விட்டதில்லை.

‘எனக்குத் தெரியாது’ என்பதுதான் இப்படிப்பட்ட நிர்வாகத்துக்கு இருக்கும் மிகப் பெரிய கவசம். நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குப் போகும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முதலாளிகள் இருவரும் குற்ற வழக்கிலிருந்து விடுதலையானார்கள். அந்த நேரத்தில் அந்தக் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியிருந்தது, நிரூபிக்க முடியவில்லை. நூறு வருடம் தாண்டியும் விசாரணை அறைகளில் இதே கேள்விதான்: அவருக்குத் தெரியுமா, எப்போது தெரியும்? தெரியும் என்பதற்கான தாளை உருவாக்கும் வேலை உங்கள் கையில் இருக்கிறது.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள், தாளைக் கிழித்தால் தெரியும்படி தைத்ததாக இருக்கட்டும். வீட்டிலேயே வைத்திருங்கள். தினமும் இரண்டு வரி போதும். தேதி, ஷிஃப்ட், மெஷின் நம்பர், கண்ணால் பார்த்தது, யாரிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். ‘அநியாயம்’, ‘திமிர்’, ‘ஈவு இரக்கமில்லாமல்’ போன்ற வார்த்தைகளை அதில் எழுதாதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் அது நோட்டில் ஏறினால் படிப்பவர் உங்கள் மனநிலையைப் பற்றி யோசிப்பார், மெஷினைப் பற்றி யோசிக்கமாட்டார். விபத்து நடக்காமல் தப்பிய நாளையும் எழுதுங்கள். ‘நாலாம் நம்பர், பட்டன் அழுத்தாமலே இரண்டாவது ஸ்ட்ரோக் இறங்கியது, கை வெளியே இருந்தது’ என்ற ஒரு வரி, ஒரு விபத்து அறிக்கைக்குச் சமம். டபுள் ஸ்ட்ரோக் அப்படி ஒரு முறை வந்தாலே அந்த மெஷினை நிறுத்தியாக வேண்டும், கிளட்சையும் பிரேக்கையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் திரும்ப ஓட்ட வேண்டும்.

அப்புறம் கடிதம். நீளம் வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘ஐயா, பிரஸ் பிரிவில் 2, 3, 4, 6 எண் மெஷின்களில் இரண்டு கை பட்டன்களில் ஒன்று டேப்பால் கட்டப்பட்டுள்ளது. டையின் முன்தடுப்பும் இல்லை. இந்த வரிசையில் கடந்த மாதம் ஒருவருக்கு விரல்கள் துண்டாயின. இதைச் சூப்பர்வைசரிடம் இந்தத் தேதியிலும், தங்களிடம் இந்தத் தேதியிலும் நேரில் தெரிவித்தேன். மெஷின்களை நிறுத்தி, பட்டன்களையும் தடுப்புகளையும் பழையபடி சரிசெய்து, அதன் பிறகு ஓட்ட அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயாராக உள்ளேன்.’

அவ்வளவுதான். இதில் மிரட்டல் இல்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் இனி யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. கொடுத்ததற்கு அடையாளம் இருக்கும் வழியில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து, அல்லது மின்னஞ்சல், அல்லது பதிவுத் தபால். கையெழுத்துப் போட மறுத்தால் கொடுத்த நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் அந்தக் கடிதத்தின் படத்தை அவருக்கே அனுப்பிவிடுங்கள். கம்பெனி கொடுத்த போனிலோ கம்பெனி மின்னஞ்சலிலோ மட்டும் வைத்திருக்காதீர்கள், ஒரே நாளில் இரண்டும் கையை விட்டுப் போய்விடலாம்.

இங்கே உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த டேப்பைச் சுற்றியது யார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நான் பார்த்த பல இடங்களில் சுற்றியது ஆபரேட்டர்களேதான். இரண்டு பட்டனை நாள் முழுக்க அழுத்தினால் தோள் விட்டுப்போகிறது, பட்டன் எட்டாத உயரத்தில் இருக்கிறது, டார்கெட் வரவில்லை, டார்கெட் வராவிட்டால் ஊக்கத்தொகை இல்லை. அதனால் ஒருநாள் ஒருவர் டேப்பை எடுக்கிறார், சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது போலப் போகிறார். உங்கள் இடத்திலும் அப்படி என்றால் அதை மறைக்க வேண்டாம். அப்போதும் பொறுப்பு நிர்வாகத்தினுடையதுதான், ஏனென்றால் டார்கெட்டை வைத்ததும் அவர்கள்தான், கட்டிய பட்டனோடு வந்த உற்பத்தியை எண்ணி எடுத்துக்கொண்டதும் அவர்கள்தான். ஆனால் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: ‘இரண்டு பட்டனையும் பயன்படுத்தினால் இப்போதைய டார்கெட் எட்டாது, அதைத் திருத்தித் தர வேண்டும்.’ இந்த வரி இல்லாவிட்டால் நாளைக்கே டேப்பைப் பிய்த்துவிட்டு, டார்கெட்டை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த வாரம் உங்களில் ஒருவரையே அதை மறுபடி ஒட்ட வைத்துவிடுவார்கள்.

நிர்வாகம் இறங்கி வந்து பேசினால் அவர்கள் முதலில் நீட்டுவது கையுறையாக இருக்கும். பிரஸ்ஸுக்கு முன்னால் கையுறை தகட்டின் கூர்முனை கீறாமல் காக்கும், டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. துளையிடும் மெஷின் போலச் சுழலும் இடங்களில் அதுவே மாட்டிக்கொண்டு கையை உள்ளே இழுக்கும். எங்கள் துறையில் ஒரு வரிசை உண்டு: ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு மாற்று வழி, பிறகு மெஷினிலேயே தடுப்பு, அதற்கும் பிறகுதான் எச்சரிக்கைப் பலகையும் பயிற்சியும், கடைசியில்தான் உடம்பில் மாட்டும் சாதனம். சாதாரணமாக முதலாளிகள் கடைசியில் இருந்து ஆரம்பிப்பார்கள், அதுதான் விலை குறைவு.

உங்கள் மெஷினுக்கு நல்ல தீர்வு பெரிய செலவு பிடிப்பதும் இல்லை. டையைச் சுற்றி, விரல் நுழையாத இடைவெளியோடு நிலையான கூண்டு போட்டு, ஜாப்பைச் சரிவுத் தடத்தில் தள்ளிவிட்டால் கை உள்ளே போகவே வேண்டாம். மெஷின் பழைய சாவி கிளட்ச் வகை என்றால் இதுதான் சரியான வழி. அந்த வகையில் ஸ்ட்ரோக் ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, அதனால் கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை சென்சார் வைத்தும் பிரயோசனம் இல்லை. உராய்வு கிளட்ச் என்றால் நடுவில் நிறுத்தலாம், சென்சார் வேலை செய்யும். இதைச் சொல்லக் காரணம், ‘சரி, சென்சார் வாங்கி மாட்டிவிடுகிறோம்’ என்று அவர்கள் சொன்னால் ‘இது எந்த வகை கிளட்ச்?’ என்று நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி உங்களிடம் இருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பதும் அதே 155ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது. கூண்டுக்கும் சாதனத்துக்கும் சம்பளத்தில் பிடித்தம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். நான்கு மெஷின் என்றால் இரண்டு ஷிஃப்ட்டில் குறைந்தது எட்டுப் பேர். அதில் மூன்று பேர் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டாலே அதன் எடை மாறிவிடும், ஒருவரை வெளியே அனுப்புவது போல மூன்று பேரை அனுப்ப முடியாது. சங்கம் இருந்தால் சங்கம் வழியாக, பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் கூட்டக் குறிப்பில் ஏறும்படி. இரண்டும் இல்லையென்றால் நீங்கள் மூவர்தான் சங்கம். யாரிடம் பேசுவது என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். விரல் போன நண்பரின் பக்கத்தில் அன்று நின்றவர்களில் இருந்து ஆரம்பியுங்கள், அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

வங்கதேசத்தில் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடத்தில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது, கடைகள் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். 24ஆம் தேதி கட்டடம் விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிசலை அவர்களும் பார்த்தவர்கள்தான், பயந்தவர்கள்தான். உள்ளே போகமாட்டோம் என்று சேர்ந்து சொல்ல அவர்களுக்கு ஓர் அமைப்பு இருக்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் வலிக்கும் விஷயம் இதுதான்.

கடிதம் கொடுத்து ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் தொழிற்சாலை ஆய்வாளர் அல்லது உங்கள் நாட்டில் அந்த வேலையைச் செய்யும் அலுவலகம். இதே போன்ற விபத்து ஒன்று ஏற்கனவே நடந்திருப்பதால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. ‘காட்டிக்கொடுத்துவிடுவார்களோ’ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். தொழிலாளர் ஆய்வு பற்றிய 1947ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 81, இதைத் தெளிவாகவே சொல்கிறது: புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் முழு இரகசியமாக வைத்திருக்க வேண்டும், புகாரின் பேரில்தான் வந்தேன் என்றுகூட முதலாளியிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல், இரவோ பகலோ எந்த நேரத்திலும் உள்ளே நுழையும் அதிகாரமும் அதில் இருக்கிறது. உங்கள் நாடு இதை ஏற்றிருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். புகாரிலேயே ‘என் பெயரை இரகசியமாக வைக்கவும்’ என்று எழுதிவிடுங்கள். மொட்டைக் கடிதத்தைவிட இதுவே நல்லது, ஏனென்றால் ஆய்வாளருக்கு மேலும் விவரம் வேண்டுமானால் கேட்க ஓர் ஆள் இருக்கும்.

புகாரில் ‘பாதுகாப்பே இல்லை’ என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எந்த நேரத்தில் வந்தால் டேப்பைக் கண்ணால் பார்க்கலாம் என்று எழுதுங்கள். ஆய்வு வரப்போகிறது என்ற வாசனை பட்டாலே காலையில் டேப் காணாமல் போகும், மதியம் திரும்பி வரும். டேப்பின் பசை அந்தப் பட்டனின் ஓரத்தில் கறுப்பாகப் படிந்திருக்கும், அதைத் துடைக்க யாருக்கும் தோன்றாது. நான் ஆய்வுக்குப் போகும்போது முதலில் விரலால் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்கு நினைவே வராது. நீங்கள் செய்யும் பாகங்களை வாங்கும் பெரிய கம்பெனி எது? பெரிய கம்பெனிகள் பலவும் தங்களுக்குப் பொருள் கொடுப்பவர்களுக்கு நடத்தை விதிகள் வைத்திருக்கின்றன, புகார் எண்ணும் வைத்திருக்கின்றன. அரசு அலுவலகத்தைவிட ஆர்டர் கொடுப்பவரின் ஒரு மின்னஞ்சலுக்கு வேகமாக அசையும் முதலாளிகள் உண்டு.

வீடியோ எடுத்துப் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். மெஷினை மட்டும், பட்டனை மட்டும், மனிதர் முகமோ வரைபடமோ விழாமல் ஒரு புகைப்படம் ஆதாரத்துக்கு உதவும். கம்பெனிக்குள் படம் எடுக்கவே தடை இருந்தால் அதையும் செய்யாதீர்கள், உங்களை வெளியேற்ற அவர்களுக்கு எளிய காரணம் அதுவே. ஊர் பார்க்கப் போடுவதை இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பேச்சு முழுக்க வீடியோவைப் பற்றி ஆகிவிடும், டேப்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பழிவாங்கல் வரலாம், அதை இல்லையென்று சொல்லி உங்களைத் தைரியப்படுத்தமாட்டேன். ஷிஃப்ட்டை மாற்றுவார்கள், ஓவர்டைமை நிறுத்துவார்கள், பத்து நிமிடத் தாமதத்துக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள். அதனால் இந்த மாதங்களில் நேரத்துக்குப் போங்கள், சொல்லாமல் விடுப்பு எடுக்காதீர்கள், சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ராஜினாமா எழுதித் தா என்றால் அந்த இடத்திலேயே எழுதாதீர்கள். ‘வீட்டில் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன்’ என்று எழுந்து வந்துவிடுங்கள். பழிவாங்கலுக்கு எதிரான புகாருக்குப் பல நாடுகளில் காலக்கெடு மிகக் குறைவு, சில இடங்களில் வாரக் கணக்குதான். ஆகவே நடந்த அன்றே விசாரியுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா? விடலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. பொறுப்பு அதிகம் உள்ளவருக்குக் கையும் விரலும்தான் முதல் சொத்து. இன்றிலிருந்தே வேறு இடம் தேட ஆரம்பியுங்கள், கிடைத்த பிறகு விடுங்கள். கடிதம் கொடுத்து, ஆய்வாளர் வரை போய், அதற்கும் பிறகு டேப் திரும்பி வந்துவிட்டால் நான் உங்களை அங்கே இருக்கச் சொல்லமாட்டேன். அதற்கு முன்பே போவதென்றாலும் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். உங்கள் ஸ்டூலில் அடுத்த நாள் வந்து உட்காருபவர் புதியவராக இருப்பார், அந்த வரிசையில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக உங்கள் நண்பர். இது அவசரம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. பெரும்பாலான நாடுகளில் வேலையிடக் காயத்துக்கான இழப்பீடு, தப்பு யாருடையது என்பதைப் பார்த்துக் கொடுப்பதல்ல. வேலையின்போது காயம் பட்டது என்பதே அடிப்படை. வலியிலும் மருந்து மயக்கத்திலும் வாங்கிய கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் கேள்வி கேட்கலாம். ஆனால் கோருவதற்குக் கெடு உண்டு, ஒரு மாதம் ஏற்கனவே போய்விட்டது. அவர் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ‘வேலை நேரத்தில், பவர் பிரஸ்ஸில் நடந்தது’ என்று மருத்துவக் குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். அவருடைய கட்டுப் போட்ட கையால் நீளமாக எழுத முடியாமல் இருக்கலாம். அந்த நாளில் மெஷின் எந்த நிலையில் இருந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், நீங்கள் பார்த்ததைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ இலவசச் சட்ட உதவி மையத்துக்கோ அவரை அழைத்துப் போங்கள்.